அரைப்பேர்

1974 ஜூலை 8, திங்கள்

மழை. நேற்றும் மழை, முந்தாநாளும் மழை. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழையை இந்தச் சின்னக்கானலில் நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் பெய்து விடுகிறது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் கெண்டைக்காலில் அட்டை. பிள்ளைகள் முன்னால் வாத்தியார் குதிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் குதித்தேன்.

ஒரே அறை, நாலு வகுப்பு, ஒரு வாத்தியார். அந்த வாத்தியார் ஆறுச்சாமியாகிய நான். டிரெயினிங் ஸ்கூலில் மாதிரிப் பாடம் எடுத்துக் கைதட்டல் வாங்கினவன். அங்கே பிள்ளைகள் முந்தின நாளே பாடத்தைப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இன்றைய பாடங்களை எழுதி வைக்கிறேன். என்னை நானே பாராட்டிக்கொள்ளத் தோன்றுகிற அன்றைக்கு இதை எடுத்துப் படிக்கலாம்.

ஒண்ணாம் வகுப்புக்கு 'அ'. மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். மணல் ஈரம். ஒரு பையன் அதில் பிள்ளையார் பிடித்தான், இன்னொருத்தி சிலுவை வைத்தாள். இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல். கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னால், "யாருட்ட சார்?" என்று கேட்கிறார்கள். மூணாம் வகுப்புக்கு இயற்கைப் பாடம், நிலக்கடலை. அப்பாடா, நமக்குத் தெரிந்த பாடம், நம்ம காட்டுப் பயிர் என்று சந்தோஷமாகப் போர்டில் கடலைச் செடியை வேரோடு வரைந்தேன். "சார், இது யாரு தாடி?" மூணாம் வகுப்பு சிரித்தது. எதற்கென்று தெரியாமலே இரண்டாம் வகுப்பும் சிரித்தது. நாலாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்த வாயைத் திறந்தபோது ஒண்ணாம் வகுப்பு மணலை வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் பாட்டு. நான் பாடினேன். பின்னால் உப்புமா கிண்டுகிற அம்மாள் கரண்டியோடு ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

ஆனால் ஒன்று பார்த்தேன். உப்புமா தின்றபின் தாழ்வாரத்தில் பிள்ளைகள் பெரட்டு விளையாடினார்கள். காலையில் சங்கு ஊதினதும் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, கங்காணி பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவார் அல்லவா, அந்தப் பெரட்டு. நாலாம் வகுப்பு சிலுவைராஜ் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கங்காணியாக நின்றான். மூச்சுக் காட்ட வேண்டுமே ஒருத்தர்! என் முன்னால் ஒரு நிமிஷம் நேராக நிற்காத பிள்ளைகள் அந்தப் பொடியன் முன்னால் கோடு கிழித்த மாதிரி நின்றார்கள்.

யோசிக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

நான் ஒரு மேதை.

ஜூலை 11, வியாழன்

மேதை என்றால் சும்மா இல்லை. பள்ளிக்கூடத்தையே பெரட்டுக்களம் ஆக்கிவிட்டேன்.

காலையில் தோட்டத்துச் சங்கு ஓய்ந்ததும் நமக்கும் பெரட்டு. சிலுவைராஜ்தான் கங்காணி, பேர் கூப்பிடுவான். தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்களே, அதேபோல் வகுப்புக்கு ஒரு நிரை. ஒவ்வொரு நிரைக்கும் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை பொறுப்பு. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மாதிரி நான் சிலேட்டுகளைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கொழுந்து", "இது முத்தல், திரும்பப் பறி" என்று சொல்ல வேண்டும். முழுநாள் வந்தால் முழுப்பேர். பிந்தி வந்தால் அரைப்பேர், தோட்டத்தில் அரைநாள் கூலிக்குச் சொல்கிற அதே அரைப்பேர். அடங்காமல் ஆடினால் பேர் வெட்டு. விதிகளை எல்லாம் பிள்ளைகளே சொன்னார்கள், நான் தலையை ஆட்டினதுதான்.

நாலு வகுப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது! நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த நாற்காலியில் உட்கார முடியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஒண்ணாம் வகுப்பு நிரை சிசிலிக்கு. கொழுந்தெடுக்கிற கத்தரீனாளின் மகள். எழுத்தென்று ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டாள், உர மூட்டை, தீப்பெட்டி, பஸ்ஸின் முதுகு எதுவானாலும் படித்துவிடுவாள். மணல் ஈரமென்று நான் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்க, அவள் பொடிசுகளை ஜன்னலுக்கு ஓட்டிப் போய், பனி மூடிய கண்ணாடியில் விரலால் 'அ' எழுத வைத்தாள். எழுதுகிறார்கள், அழிக்கிறார்கள், ஊதினால் புதுப் பலகை. நான் கண்டுபிடித்தது என்று யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லிக்கொண்டுவிட்டேன். மூணாறில் வாத்தியார்கள் கூட்டம். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற ஆபீசர் ஏ.இ.ஓ. சாரிடம் போய், கூப்பிடாமலே, என் பெரட்டு முறையை விளக்கினேன். ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்துத்தான். மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "கொள்ளாம் மாஷே. ஞான் வந்நு காணாம்" என்றார். நன்றாயிருக்கிறது வாத்தியாரே, நானே வந்து பார்க்கிறேன் என்கிறார். வருகிற இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை.

வந்து பார்த்து நல்லதாக நாலு வரி எழுதினால், அடுத்த ஜூனில் நம்ம பக்கம் மாற்றல். கொழிஞ்சாம்பாறை இல்லாவிட்டாலும் வேலந்தாவளம், எரித்தேன்பதி, எதுவானாலும் சரி. அட்டை இல்லாத ஊராக இருந்தால் போதும்.

ஊருக்கு எழுதிப் போட்டேன். அம்மாவுக்கு நான் ஏதோ கலெக்டர் ஆகப் போகிற மாதிரி எண்ணம் வரும்படி எழுதியிருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

இன்று சிசிலி பிந்தி வந்தாள். தம்பி ரத்தினத்துக்குச் சளி. அவனை மூக்கம்மாள் ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவாள். சளிப் பிள்ளையை ஆயா சட்டென்று வாங்கிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

வாசலில் சிலுவைராஜ் குச்சியை நீட்டினான். "லேட்டு. அரைப்பேரு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? காலை ஆட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தபடி, "கங்காணி சொன்னா சொன்னதுதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் முறை எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்று பூரிப்பு வேறு.

உப்புமா மணி அடித்ததும் அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் ஒண்ணாம் வகுப்பு ஜன்னலில் மீசை வரைந்தது.

ஜூலை 22, திங்கள்

சிசிலி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூலை 23, செவ்வாய்

காய்ச்சல் இல்லை.

"சிசிலி எங்கடா?" என்று சிலுவைராஜைக் கேட்டேன்.

"அவ பேர வெட்டியாச்சு சார். வெள்ளிக்கெழம சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாள்லா."

"வெட்டினா?"

"வெட்டுனா வீட்டுக்குப் போவணும் சார்." இதுகூடத் தெரியாதா என்கிற முகம்.

தோண்டத் தோண்ட மேலே வருகிறது. முழுப்பேர் வேண்டுமென்றால் பொடிசுகள் கங்காணிக்கு வறுத்த பலாக்கொட்டை கொடுக்க வேண்டுமாம். பலாக்கொட்டை இல்லாத ஒருத்தி இரண்டு நாளாக அவன் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். "ஏன்டா இப்படி?" என்றால் அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. அவன் பார்த்த கங்காணி அப்படி. கங்காணியாக இரு என்றேன், இருந்தான்.

அட கெரகமே! பெரட்டுக்களத்துல பொளுது விடிஞ்சா எத்தன பேரு மொகஞ் சுண்டித் திரும்பிப் போறாங்கன்னு தெனமும் பாத்துட்டுத்தானே வாரேன். அதையே தூக்கியாந்து பள்ளிக்கூடத்துல வெச்சுப்போட்டு, காலாட்டிட்டு ஒக்காந்திருக்கிறேன். என்ற புத்தியை எதால அடிக்கிறது? நாற்காலி சொகம் கண்டவன் வாத்தியாரா?

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? சிசிலி வரவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்த வெசனம் இருபத்தொன்பதாம் தேதி. ஏ.இ.ஓ. முன்னால் தடங்காமல் வாசிக்க வேறு ஆள் இல்லை. அவளைப் பற்றிய வெசனம் அதற்குப் பின்னால்தான் வந்தது. ரொம்பப் பின்னால் இல்லை. ஆனாலும் பின்னால்தான்.

ஜூலை 24, புதன்

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போனேன். கத்தரீனாள் அப்போதுதான் கொழுந்து போட்டுவிட்டு வந்து காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள், அட்டைக் கடிக்கு. ஆட்களுக்கும் அட்டை கடிக்கும் என்பது எனக்கு ஏனோ தோன்றியதே இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டாள், சுக்குக் காப்பி கொடுத்தாள். மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.

"பிள்ளைய ஏனுங்க அனுப்பறதில்லை?"

"பேர வெட்டுன எடத்துக்கு எப்படி சார் அனுப்ப? எம் பேர வெட்டுனா நானும் வாயப் பொத்திட்டு வீட்டுக்குத்தான வாரேன்."

"அது வெளையாட்டுங்க."

"ஒங்களுக்கு வெளையாட்டு சார்." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "மூக்கம்மா ஆயாட்டச் சொல்லிட்டேன். திங்கக்கெழமயிலருந்து அங்கன கைவேலைக்கு நிப்பா. பிள்ளையளுக்குப் பாலு ஆத்திக் குடுத்தா, ரத்தினத்தையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும். பொறவு வயசு வந்ததும் காட்டுல பேரு பதிஞ்சுரலாம்."

பால் ஆற்றப் போனவள் திரும்பிச் சிலேட்டைத் தூக்குவாளா? அந்தக் கொட்டகைக்குக் கைவேலைக்குப் போன பெண் ஒருத்திகூடப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினதில்லை என்று எனக்கு முன்னால் இருந்த வாத்தியாரே சொல்லியிருக்கிறார்.

என்னென்னவோ சொன்னேன். படிப்பு, எதிர்காலம், அரசாங்கம்... எனக்கே அலுத்தது. தட்டி மறைவிலிருந்து, ஆள் தெரியாமல், சிசிலியின் குரல் மட்டும் வந்தது.

"சாரு லேட்டா வந்தா யாரு சார் சாரு பேர வெட்டுவா?"

"ஏ, வாய மூடு" என்றாள் கத்தரீனாள்.

இந்த மாசம் எத்தனை நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்துவிட்டுச் சங்கு ஓய்ந்து வெகு நேரம் கழித்துப் போயிருக்கிறேன். சிலுவைராஜ் எனக்கு வணக்கம்தான் சொல்லியிருக்கிறான்.

காப்பி டம்ளரை வைக்கக் குனிந்தபோது என் காலில் அட்டை. கத்தரீனாள் பேசாமல் சுண்ணாம்புச் செப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

ஜூலை 25, வியாழன்

இன்று புதுச் சட்டம். பேர் வெட்டுவது இனி கிடையாது. பிந்தி வந்தால் காரணத்தைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்காரலாம். அரைப்பேர் போட்டாலும் பாடம் முழுப்பாடம். பலாக்கொட்டை வாங்கினால் எல்லாருக்கும் பங்கு. கடைசியாக, பெரட்டில் வாத்தியார் பேரும் கூப்பிட வேண்டும், வாத்தியாரும் வரிசையில் நிற்பார்.

போய் வரிசையின் கடைசியில் நின்றேன். "கூப்பிடுடா."

சிலுவைராஜ் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். "கங்காணி எப்படி சார் தொர பேர வெட்ட முடியும்?" வேலையிலிருந்து நீக்கிவிட்டேன் என்று நினைத்து அழுகை வேறு. அவனைத் தேற்றுவதற்குள் ஒண்ணாம் வகுப்பு மறுபடி மணலுக்குப் போய்விட்டது. சிலேட்டு எடை போடுகிற வேலையை அவனுக்குக் கொடுத்தேன், சமாதானம் ஆனான்.

"அப்ப யாருதான்டா என்ற பேரக் கூப்பிடுவீங்க?"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பொடிசு சொன்னது. "சிசிலிதான் சார் வெட்டுவா. அவளுக்குப் பயமே கெடையாது."

சரி, பேர் கூப்பிட ஆள் தேவை, சிசிலிக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 26, வெள்ளி

வரவில்லை. சிலுவைராஜே நேரில் போய், மடி நிறையப் பலாக்கொட்டை கொடுத்தானாம். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாளாம்.

போடி வழியாகப் பஸ்ஸில் அம்மாவின் பார்சல் வந்தது. ஆபீசர் வருகிற அன்றைக்குக் கட்டிக்கொள்ளப் புது எட்டுமுழ வேட்டி, தின்ன ஒரு பை கடலைக்காய். "ஏமாளியாட்டம் நிக்காம நல்லாப் பேசு" என்று சீட்டு. அம்மாவுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

ஜூலை 28, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்கள் வருகிற நேரம் பார்த்து மாதா கோயில் மேட்டுக்குக் கீழே நின்றேன். கோயிலுக்குள் போகவும் கூச்சம், போகாமல் நிற்கவும் கூச்சம். குடை பிடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றேன். இந்த ஊரில் மழையை வேடிக்கை பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

சிசிலி இடுப்பில் ரத்தினத்தோடு வந்தாள். அம்மா நாலடி பின்னால்.

"நெசமாவே சாரு பேரையும் வெட்டலாமா?"

"பிந்தி வந்தா அரைப்பேர் போடலாம். வெட்டறதுதான் இனி யாருக்குமே இல்லையே."

"கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"மாட்டேன்."

"ஆபீசரு இருந்தாலும்?"

சித்தெ நேரம் யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "இருந்தாலும்."

"ரத்தினம்?"

"தூக்கிட்டு வா."

அதற்குள் கத்தரீனாள் வந்துவிட்டாள். "சார், நாளைக்குக் கொட்டகையில எதிர்பாத்துக்கிட்டு இருப்பாவ. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா." சிசிலியின் தோளைத் தொட்டு நகர்த்திக்கொண்டு போனாள். சிசிலி திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தினம்தான் பார்த்தான், மூக்கு ஒழுக.

நாளைக்கு ஏ.இ.ஓ. வருகிறார். எனக்கென்னவோ அவர் வருவாரா என்று பார்க்கத் தோன்றவில்லை, அவள் வருவாளா என்றுதான் இருக்கிறது. மாற்றல் எண்ணமும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அம்மா சாட்சிக்கு வருவாள்.

ஜூலை 29, திங்கள்

கைக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது.

புது வேட்டி கட்டிக்கொண்டு விடியலிலேயே சின்னக்கானல் முக்குக்குப் போனேன். ஆபீசரை எதிர்கொண்டு அழைத்து வருகிற மரியாதைக்காரன் அல்லவா நான்? மூணாறு பஸ் வந்தது. ஏ.இ.ஓ. இல்லை. அடுத்த பஸ் வரட்டும் என்று நின்றேன். தோட்டத்துச் சங்கு ஊதி ஓய்ந்தது, நான் நின்றேன். அப்போதுதான் டீக்கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "ஆபீசரா? அவரு எஸ்டேட் ஜீப்புல அப்பவே மேல போயிட்டாரே."

ஓடினேன். ரோடு சுற்று என்று தேயிலைக்குள் குறுக்கே இறங்கினேன். எட்டுமுழ வேட்டியில் எத்தனை முழம் சேறு என்று கேட்கக் கூடாது.

பள்ளிக்கூடம் நிசப்தம். போச்சு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், என் நாற்காலியில் ஏ.இ.ஓ. நான்கு நிரையும் வரிசையில். முன்னால், ஒரு பக்க இடுப்பில் தம்பியை இடுக்கிக்கொண்டு, சிசிலி.

வந்திருக்கிறாள்! நல்லவேளை, முகமெல்லாம் மழைத் தண்ணீர்.

அவள் என்னைப் பார்த்தாள். ஆபீசரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

"ஆறுச்சாமி சார்."

"வந்தேன்."

"லேட்டு. காரணம்?"

"ஆபீசரைக் கூட்டிட்டு வரப் போனேனுங்க." வாய் தானாக 'ங்க' போட்டுவிட்டது.

"ஆபீசரு இங்கனதான இருக்காவ."

கூரை பறக்கச் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அரைப்பேரு" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. "உள்ள வந்து ஒக்காருங்க."

ஏ.இ.ஓ. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாஷே, இதாணோ நிங்ஙள் பறஞ்ஞ பெரட்டு?"

"ஆமாங்க சார்."

"நடக்கட்டே."

நடந்தது. ஒண்ணாம் வகுப்பு ஜன்னலுக்குப் போய் 'அ'விலிருந்து 'ஊ' வரை எழுதியது. சிசிலி தம்பியை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நாலாம் வகுப்புப் பாடத்தைத் தடங்காமல் வாசித்தாள். நடுவில் ரத்தினம் ஒரு பக்கத்தைப் பிடித்து வாயில் வைத்தான், அந்த வரியை மட்டும் மனப்பாடமாகச் சொன்னாள்.

கணக்கு. ஏ.இ.ஓ. தாமே கேட்டார், அவருக்குத் தெரிந்த தமிழில். ஒருத்தி காலையில் பன்னிரண்டு கிலோ கொழுந்து பறித்தாள், மத்தியானம் பதினைந்து, மொத்தம் எவ்வளவு? மூணாம் வகுப்பிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"இருபத்தஞ்சு சார்."

"இருபத்தேழு அல்லே?"

"மழ நாளு சார். தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிப்பாவள்லா."

வகுப்பு முழுக்க ஆமாம் என்று தலையாட்டியது. ஏ.இ.ஓ. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

இயற்கைப் பாடத்துக்கு அம்மா அனுப்பிய கடலைக்காயை ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். தொட்டுப் பார், உடைத்துப் பார், உள்ளே என்ன இருக்கிறது சொல் என்றேன். யாரும் சொல்லவில்லை, வாய் நிறையப் பாடம். ஆபீசரும் படித்துக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கு நான் எழுந்தேன். முதல் அடி முடிவதற்குள் ரத்தினம் வீறிட்டான். "மதி, மதி" என்றார் ஏ.இ.ஓ., போதும் போதும் என்று. அவனைப் பார்த்துச் சொன்னாரா என்னைப் பார்த்துச் சொன்னாரா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புறப்படும்போது ரத்தினத்தின் கன்னத்தைத் தட்டி, "இவன் எத்ராம் க்ளாஸ்?" என்றார்.

"இன்னும் பேரு பதியல சார்" என்றாள் சிசிலி.

பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். பிள்ளைகளின் தேர்ச்சி நன்று. ஆசிரியர் தாமதமாக வந்தார், விளக்கம் கேட்கப்படுகிறது. அதாவது மெமோ. அம்மா, உங்கள் கலெக்டருக்கு முதல் மெமோ.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகும் சிசிலி போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காட்டிலிருந்து நேராகக் கத்தரீனாள் வந்தாள், தலையில் சாக்கு, முகம் கடுகடு.

"ஆயா ஆளு விட்டுட்டாவ, ஒம் மகள எங்கன்னு. இவ இங்கன வந்து நிக்கா. என் சொல்லுக்கு என்ன சார் மரியாத?"

"தப்பு என்னோடதுங்க. ஆயாகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். வேட்டியைப் பார்த்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆபீசரு முன்னால சாருக்கே அரைப்பேரு போட்டாளாமே?"

"போட்டாளுங்க."

"சாரு என்ன சொன்னிய?"

"என்ன சொல்றது? உள்ள வந்து ஒக்காந்தேன்."

கத்தரீனாள் சாக்கு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்குப் பயமாகப் போயிற்று, அழுகிறாளோ என்று. சிரிப்புத்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இத்தன வருசம் காட்டுல நிக்கேன் சார். ஒரு நாளாச்சும் ஒரு கங்காணிக்கு அரைப்பேரு போட எனக்கு வாய்ச்சதில்ல." கண்ணைத் துடைத்தாள். ரத்தினத்தை வாங்கிக்கொண்டாள். "சரி. நாளைக்கும் வரட்டும். நாளைக்கு மட்டும்."

ஜூலை 31, புதன்

மூக்கம்மாள் ஆயாவிடம் நேற்றே போய்ச் சொன்னேன். "அந்த வாயாடிய நீரே வச்சுக்கிடும்" என்றாள்.

கத்தரீனாள் இன்றும், "நாளைக்கு மட்டும்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மெமோவுக்கு எழுதிக் கொடுத்த விளக்கம் ஏற்கப்பட்டது. மாற்றல் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, இந்த வருஷம் பரிசீலிக்க இயலாதாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. என் துக்கங்களுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

புது வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டாயா என்று அம்மா கேட்டு எழுதியிருக்கிறாள். துவைத்தேன், கட்டியும் இருக்கிறேன் என்று பதில் போட்டேன். பொய்யில்லை. வகுப்பின் உத்தரத்தில் கட்டியிருக்கிறேன், தூளியாக. ரத்தினம் அதில் தூங்குகிறான். பக்கத்தில் போகிறவர்கள் பாடத்தை விடாமல் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகிறார்கள். அவன் விழித்துக்கொள்வான் என்பதால் பாட்டுப் பாடம் நடத்த எனக்குத் தடை. இதில் பள்ளிக்கூடமே ஒரு மனதாக இருக்கிறது.

கத்தரீனாள் இப்போதெல்லாம் 'நாளைக்கு மட்டும்' என்பதைக்கூட நின்று சொல்வதில்லை. நடந்துகொண்டே சொல்கிறாள்.

பேர் கூப்பிடுவது சிசிலிதான். ஆனால் எனக்கு மட்டும் ஈவிரக்கமே இல்லை. மழை என்றால் கேட்கமாட்டாள், வெந்நீர் கொதிக்கவில்லை என்றால் கேட்கமாட்டாள். காரணம் சொல்லிவிட்டு அரைப்பேர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார வேண்டியதுதான். வாங்கி வாங்கி மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று சங்குக்கு முன்னாலேயே எழுந்து, கம்பளியை உதறிப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் யாருமில்லை. அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வரிசையின் கடைசி இடத்தில் நான் மட்டும் நின்றேன், முன்னால் வரிசையே இல்லாமல். ஒவ்வொருவராக வந்து எனக்கு முன்னால் சேர்ந்தார்கள். சங்கு ஊதியது.

"ஆறுச்சாமி சார்."

"வந்தேன்."

அவள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"முழுப்பேரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வரிசையில் நின்று சிரித்தால் சேட்டை என்று அதையும் பாதியாக்கிவிடுவாள். அதனால் வாயை இறுக்கிக்கொண்டு நேராக நின்றேன்.